முதல் வரிசையில் இரண்டு நாற்காலி

அந்த அழைப்பிதழ் வந்த அன்றே எனக்குக் கோபம் வந்துவிட்டது. கெட்டியான வெள்ளை அட்டை, ஓரமெல்லாம் தங்க ரேகை, உச்சியில் ஒரு முத்திரை. ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். பெயர் எழுத விட்டிருந்த கோட்டின் மேல் அழகான கையெழுத்தில் என் அப்பாவின் பெயர் இருந்தது. அவரும் அவர் மனைவியும் வந்து சிறப்பிக்க வேண்டுமாம். அப்பா இறந்து பதினோரு வருடமாகியிருந்தது. தகப்பனார் காலமாகிவிட்டார் என்று அண்ணன் விண்ணப்பத்தில் எழுதித்தான் கொடுத்திருந்தான். அம்மாவின் பெயரையும் கொடுத்திருந்தான். அதை அங்கே ஒருவரும் படித்திருக்கவில்லை.

"என்னட்டி போட்டுருக்கு?" என்று அம்மா கேட்டாள். சாக்கில் பரப்பிய மிளகாய் வத்தலுக்கு நடுவே உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"நம்ம ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காவ" என்றேன். அப்பாவின் பெயரைப் பற்றிச் சொல்லவில்லை.

நாடு விடுதலை பெற்று ஐந்தாறு வருடம் ஆகியிருந்த நேரம் அது. அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பாளையங்கோட்டையில் இண்டர்மீடியட் முடித்ததும் ஏதோ பரீட்சை எழுதினான், எங்கேயோ நேர்காணலுக்குப் போனான், வடக்கே மலையடிவாரத்தில் இருந்த ஒரு ராணுவக் கல்லூரியில் அவனை எடுத்துக்கொண்டார்கள். சங்கரன்கோவிலில் போருக்குப் போய்த் திரும்பிய சிப்பாய்கள் இருந்தார்கள். அதிகாரியாகப் போனவன் எங்கள் தெருவில் அதற்கு முன் கிடையாது. பயிற்சி முடிகிற நாளில் பெரிய அணிவகுப்பு ஒன்று நடக்கும். அதில் நடந்துவிட்டால் அவன் அதிகாரி.

அட்டையோடு அண்ணனின் கடிதமும் இருந்தது. "எங்கள் அணிக்கு (இங்கே கம்பெனி என்பார்கள்) முன்னால் தனியாக, கையில் வாளோடு நடக்கப்போகிறவன் நான். அம்மாவுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது என்று எழுதிக் கேட்டு, முதல் வரிசையில் இரண்டு நாற்காலி வாங்கியிருக்கிறேன். சல்யூட் வாங்குகிறவர் நிற்கும் மேடைக்குப் பக்கத்திலேயே. மேடையைக் கடக்கும்போது நாங்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். அப்போது அம்மாவுக்கு என் முகம் தெரியும்."

அதை நான் படித்ததும் அம்மா கிள்ளுவதை நிறுத்தினாள். அவளுக்கு இடது கண்ணில் புரை விழுந்திருந்தது. வலது கண்ணிலும் பத்துப் பதினைந்து அடிக்கு மேல் ஆள் தெரியும், முகம் தெரியாது. ஆனாலும் எங்கள் நாலு ஏக்கர் கரிசல் காட்டை அவள்தான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு பருத்தியும் மிளகாயும் போட்டு எங்கள் இருவரையும் படிக்க வைத்தவள் அவள். நான் அப்போது ஊரில் பெண் குழந்தைகள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

சித்தப்பாவுக்கு நாங்கள் போவது பிடிக்கவில்லை. "ரெண்டு பொம்பளையளா டெல்லி தாண்டிப் போவப் போறிய? பாஷையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. போட்டா பிடிச்சு அனுப்பச் சொல்லுங்க மைனி. பாத்துக்கிடலாம்" என்றார்.

"போட்டாவுல அவன் நடப்பானாய்யா?" என்று அம்மா கேட்டாள்.

இங்கே என்னைப் பற்றி ஒன்றை எழுதிவிட வேண்டும். அம்மா ரவிக்கை போடுகிறவள் இல்லை. எங்கள் பக்கம் அவள் வயதுப் பெண்கள் பலரும் அப்படித்தான். சேலையை இழுத்துச் சுற்றிச் செருகிக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் நிற்பாள். வளர்த்த காதில் பாம்படம் தோளைத் தொட்டுத் தொங்கும். நான் அவளுக்கு இரண்டு ரவிக்கை தைத்தேன். குளிருக்கு என்று சொன்னேன். குளிருக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பாம்படத்தையும் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

"கழத்திட்டா காது சின்னதாயிருமாட்டி?" என்றாள்.

ரவிக்கையைப் போட்டுக்கொண்டாள். பாம்படத்தைக் கழற்றவில்லை. அம்மாவைப் பிறத்தியார் கண்ணால் முதலில் பார்த்தவள் நான்தான். அதை மறைத்துவிட்டு மற்றவர்கள் மேல் கோபப்பட எனக்கு உரிமை கிடையாது.

மார்கழிக் குளிரில் நான்கு நாள் பயணம். சங்கரன்கோவிலில் ரயில் ஏறி மதராஸ், மதராஸில் வண்டி மாறி டெல்லி, அங்கிருந்து இன்னொரு வண்டி. புளிச்சோறு இரண்டு நாள் தாங்கியது. அதற்குப் பிறகு ஸ்டேஷனில் விற்ற ரொட்டியை அம்மா டீயில் நனைத்துத் தின்றாள். நாக்பூர் தாண்டியதும் குளிரில் அவள் விரல்கள் மடங்கவில்லை. அப்படியும் ஜன்னலோரத்தை விட்டு நகரவில்லை. எதிரே தெரிகிற நிலத்தையெல்லாம் "இது கரிசலா, செவலா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அணிவகுப்பு முடியும்வரை பயிற்சியில் இருப்பவர்கள் வெளியே வர முடியாது. அதனால் அண்ணன் ஒரு ஹவில்தாரை ஸ்டேஷனுக்கு அனுப்பியிருந்தான். அவர் வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர். தன் குடியிருப்பை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு அவர் போய் சிப்பாய்களோடு தங்கிக்கொண்டார்.

"வாசல் வரைக்கும் நான் கூட வாரேம்மா. உள்ள எனக்கு அனுமதி கிடையாது. அட்டையக் காட்டினா மரியாதையா கூட்டிட்டுப் போயி உக்கார வைப்பாவ" என்று அவர் சொன்னார்.

சொன்னபடியே நடந்தது. காலையில் பனி இன்னும் கலையாத மைதானம், பின்னால் மணிக்கூண்டு வைத்த சிவப்புக் கட்டடம், ஓரத்தில் நீளமான பந்தல். வாசலில் நின்ற இளைஞன் அட்டையை வாங்கிப் பார்த்தான். குதிகாலைச் சேர்த்து நின்று அம்மாவுக்கு ஒரு சல்யூட் வைத்தான். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்துக் கும்பிட்டாள். எங்களை முதல் வரிசைக்கு அழைத்துப்போனான். நாற்காலியில் எண் எழுதியிருந்தது. அட்டையில் இருந்த அதே எண்.

அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எதிரே சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த பாதையைப் பார்த்தாள்.

"இது வழியாவா வருவான்?"

"ஆமா."

"பக்கத்துலதான்" என்றாள். சேலை மேல் போர்த்தியிருந்த கம்பளியைச் சரிசெய்துகொண்டாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரச் சொன்னால்கூட எழுந்து போய் அடுப்பங்கரையில் நிற்கிறவள், அந்த நாற்காலியில் மட்டும் தனக்குரியது என்று உட்கார்ந்திருந்தாள்.

கால்மணி நேரம் ஆகியிருக்கும். கையில் பட்டியலோடு ஒரு கேப்டன் வந்தார். அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு சின்ன மாற்றம், மேடம். நீங்கள் பின்னால் உட்கார வேண்டியிருக்கும்" என்றார் ஆங்கிலத்தில்.

"எங்கள் எண் இதுதான்" என்றேன்.

"எண் சரிதான். விருந்தினர்கள் கூடுதலாக வந்துவிட்டார்கள். உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்."

பந்தலின் வாசலில் இரண்டு பெரிய கார்கள் வந்து நின்றிருந்தன. ஏதோ ஓர் அரண்மனைக் குடும்பம். மூன்று பேர் வருவதாகச் சொல்லி ஏழு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை யாரும் அன்று நடக்கவில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ராஜ்யம் போய் ஐந்து வருடமாகியும் நாற்காலி போகவில்லை.

"என் தாயாருக்குக் கண் சரியாகத் தெரியாது. அதற்காகத்தான் கேட்டு வாங்கிய இடம் இது" என்றேன். இந்த வாக்கியத்தைப் பிழையில்லாமல் சொன்னேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். காதைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல், ஏதோ ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்: "கண் தெரியாது என்றால் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதானே, மேடம்."

எத்தனையோ வருடங்கள் போன பின்பும் அந்த வாக்கியம் எனக்குள் ஆறவில்லை. அதற்குத் தகுந்த பதில்கள் இருபது முப்பது இப்போது என்னிடம் இருக்கின்றன. அன்று ஒன்றுகூட வரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"எந்திரிட்டி. வந்தவுக இடமில்லாம நிக்காவ."

ஆறாவது வரிசையில் ஒரு பந்தக்கால் பக்கத்தில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். முன்னால் ஐந்து வரிசைத் தலைகள், தொப்பிகள், தலைப்பாகைகள். அதிகாரிகளின் மனைவிமார் சிலர் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கே மைதானத்தில் பாதிதான் தெரிந்தது. அம்மாவுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

"நீ இங்கனயே இரு. நான் யார்ட்டயாவது கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். போயிருக்கக் கூடாது. அல்லது அட்டையை அவளிடம் கொடுத்துவிட்டாவது போயிருக்க வேண்டும்.

வாசல் பக்கம் மேஜை போட்டு ஒரு வயதான அதிகாரி உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைப் பாதி கேட்டார். அணிவகுப்பு தொடங்க ஐந்து நிமிடம்தான் இருக்கிறது, போய் உட்காருங்கள் என்றார். நான் மறுபடியும் சொன்னேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். அதற்குள் எக்காளம் ஊதினார்கள். திரும்பி ஓடினேன்.

அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. கம்பளி மட்டும் அதன் மேல் கிடந்தது.

பக்கத்து நாற்காலியில் நல்ல பட்டுச் சேலை கட்டிய ஓர் அம்மாள் இருந்தாள். "இங்கே இருந்தவர் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவள் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அந்த ஆயாவா? என் குழந்தை விடாமல் அழுதது. அவளிடம் கொடுத்து வெளியே அனுப்பினேன். உனக்கு இப்போது அவள் வேண்டுமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கம்பளியை எடுத்துக்கொண்டு பந்தலின் பக்கவாட்டில் வெளியே போனேன். அங்கே காவலுக்கு நின்ற சிப்பாய் கையைக் குறுக்கே நீட்டினான். அணிவகுப்பு தொடங்கிவிட்டால் யாரும் நடமாடக் கூடாதாம். நான் சொன்னது அவனுக்குப் புரியவில்லை, அவன் சொன்னது எனக்குப் புரியவில்லை. கயிறு கட்டிய அந்த ஓரத்திலேயே நின்றேன். பாண்டு வாத்தியம் முழங்கத் தொடங்கியது.

அங்கிருந்து பாதை நன்றாகத் தெரிந்தது. அதுதான் கொடுமை. அம்மாவைத் தவிர எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது. முதல் கம்பெனி போயிற்று, இரண்டாவது போயிற்று. மூன்றாவதற்கு முன்னால், ஆறேழு அடி இடைவெளி விட்டு, தனியாக அண்ணன் வந்தான். நெஞ்சுக்கு நேரே நிமிர்த்திய வாள். பூட்ஸ் ஒரே சீராகத் தரையில் விழுந்தது. எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளியோடு நின்றவன் இவன்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. மேடைக்கு நேரே வந்ததும் உரக்க ஒரு கட்டளை கொடுத்து, வாளைத் தாழ்த்தி, முகத்தைத் திருப்பினான்.

அவன் கண் மேடைக்குப் போகவில்லை. மேடைக்குப் பக்கத்தில் முதல் வரிசைக்குப் போனது. நான் பார்த்தேன். அந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் பருமனான ஒருவர் பின்னால் திரும்பி யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் ஒரு பெண் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அண்ணனின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறக் கூடாது என்று அவனைப் பழக்கியிருந்தார்கள். நாலு எட்டில் கடந்து போய்விட்டான்.

எல்லாம் முடிந்து காவல்காரன் கையை எடுத்த பிறகு அம்மாவைத் தேடினேன். பந்தலுக்குப் பின்னால் விருந்துக்குத் தேநீர் போடுகிற இடத்தில், கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் குழந்தை அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பிடிக்குள் அம்மாவின் பாம்படம் இருந்தது. காது கீழே இழுபட்டு நின்றது. குழந்தை விழித்துவிடும் என்று அம்மா தலையைக்கூட அசைக்கவில்லை.

"முடிஞ்சிட்டாட்டி?"

"முடிஞ்சிட்டு."

"அவன் போயிட்டானா?"

"போயிட்டான்."

குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு, "பிள்ள மூச்சு முட்ட அழுதுச்சு. அந்தம்மா கையில தந்துட்டு என்னமோ சொன்னா. பாஷ தெரியாம என்னத்தப் பேச? ஆத்தி உறங்க வச்சுட்டு வந்துருவோம்னு வந்தேன். உறங்கிட்டு. திரும்பி வந்தா பின்பக்கம் நின்ன துப்பாக்கிக்காரன் உள்ள விடல. அட்டை கேக்கான்" என்றாள்.

அட்டை என் கையில் இருந்தது. வியர்வையில் அதன் தங்க ரேகை என் விரலில் ஒட்டியிருந்தது.

குழந்தையின் தாய் அப்போது அங்கே வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே குழந்தையை எடுத்துக்கொண்டாள். "நன்றாகப் பார்த்துக்கொண்டாள், அவளிடம் நன்றி சொல்லிவிடு. யார் வீட்டு ஆயா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மூன்றாவது கம்பெனிக்கு முன்னால் நடந்தவனின் தாயார். இவர்கள் இடம் முதல் வரிசையில் இருந்தது" என்றேன். சொல்லும்போது கோபத்தில் ஆங்கில இலக்கணம் தவறிப்போயிற்று. ஒருமை வர வேண்டிய இடத்தில் பன்மை வந்துவிட்டது. அந்தத் தவறுக்காகவும் என் மேல் எனக்கு எரிச்சல்.

அந்தப் பெண் சிவந்துபோனாள். மன்னிக்க வேண்டும், தெரியாமல் போய்விட்டது என்று மூன்று நான்கு முறை சொன்னாள். அத்தனையையும் என்னைப் பார்த்துச் சொன்னாள். அம்மா பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்பதைக்கூட உடுப்பைப் பார்த்து, பாஷையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அண்ணன் எங்களைக் கண்டுபிடித்து வருவதற்கு அரைமணி ஆயிற்று. தோளில் புது நட்சத்திரம். அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். அவன் குனிந்து அவள் காலைத் தொட்டான்.

"முன்னால பார்த்தேம்மா. நீ இல்ல. வண்டி தப்பிட்டு, நீங்க வரலன்னு நெனச்சிட்டேன்" என்றான்.

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். கேப்டன் சொன்னது, அரண்மனைக்காரர்கள், ஆயா, அட்டை, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவன் அந்தக் கேப்டனைத் தேடிப் போவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சுற்றும் முற்றும் பார்த்தான்.

"மெதுவாப் பேசு" என்றான்.

"எதுக்கு மெதுவாப் பேசணும்?"

"அந்தக் குழந்தையோட அப்பா என் கம்பெனி மேஜர். இன்னைக்கு ஒருநாள் விடு. நாளையிலருந்து நான் இவங்க கூடத்தான் இருக்கணும்."

'இவங்க கூட' என்றபோது அவன் பேச்சில் எங்கள் ஊர் இல்லை. அதுவரை கேப்டன் மேலும் அந்தப் பெண் மேலும் இருந்த கோபம் அப்படியே அவன் மேல் திரும்பியது.

"அப்போ அம்மா யாரு கூட இருக்கணும்? அடுப்பங்கரையிலயா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. நல்ல நாளும் அதுவுமா" என்றாள் அம்மா. கொண்டுவந்த கருப்பட்டியை முந்தானையிலிருந்து எடுத்து, நட்சத்திரம் வைத்த அந்தப் பிள்ளையின் வாயில் ஒரு துண்டு போட்டாள். அவன் மறுபடியும் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மென்றான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். எந்தக் கையில் வாள் பிடித்திருந்தான், மற்ற கையை எவ்வளவு தூரம் வீசினான், கால் எப்படி விழுந்தது, முகத்தைத் திருப்பும்போது சிரித்தானா. ஒருமுறை கேட்டதையே மறுபடியும் கேட்டாள். நான் சொன்னதில் ஏதாவது விட்டுப்போனால் "நேத்து வேற மாதிரிச் சொன்னியே" என்று திருத்தினாள். பார்க்க முடியாத துக்கத்தில் கேட்கிறாள் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த அளவு சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள்தான் அது எதற்கு என்று தெரிந்தது. தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "மகன் நடந்ததப் பார்த்தியளா மதினி?" என்று கேட்டார்கள்.

"முத வரிசையிலல்லா உக்கார வச்சாவ" என்று அம்மா தொடங்கினாள். "இந்தா, நம்ம வாசலுக்கும் அந்த வேம்புக்கும் உள்ள தூரந்தான். வலது கையில வாளு. காலு வச்சான்னா தரை அதிருது. எனக்கு நேர வந்ததும் முகத்தத் திருப்பி என்னையப் பார்த்தான்."

நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பொய் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பருத்தி எடை போடும்போது வியாபாரி தவறிக் கூடுதலாகச் சொன்னால்கூடத் திருத்துகிறவள் அவள். அந்த மனுஷி வந்தவர்களின் கண்ணைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொய் சொன்னாள். மகன் தன் தாயை அங்கே கௌரவமாக வைத்துக்கொள்ளவில்லை என்று யாரும் பேசிவிடக் கூடாது. அதற்காகச் சொன்னாள். அந்தக் கேப்டனின் மானத்தையும் சேர்த்து அவளே காப்பாற்றினாள். நாற்காலியைப் பிடுங்கியதைக்கூட மறந்துவிடலாம். என் தாயைப் பொய் சொல்ல வைத்தார்களே, அதை நான் மன்னிக்கவில்லை.

அன்று பள்ளிக்கூடம் முடிந்ததும் கல்லூரித் தலைவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று முறை கிழித்து எழுதினேன். எங்கள் தலைமையாசிரியையிடம் கொடுத்து இலக்கணம் பார்க்கச் சொன்னேன். அவர் படித்துவிட்டு ஒரு பிழையைத் திருத்தினார், "அனுப்பத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். அனுப்பினேன்.

ஒரு மாதத்தில் தட்டச்சுச் செய்த பதில் வந்தது. நான்கு வரி. தவிர்க்க முடியாத காரணத்தால் இருக்கைகளை மாற்ற வேண்டியிருந்தது, அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். அம்மா என்ற சொல்லே அந்தக் கடிதத்தில் இல்லை. மழை பெய்து பந்தல் ஒழுகியிருந்தாலும் அதே நான்கு வரியைத்தான் அனுப்பியிருப்பார்கள்.

என் கடிதம் அங்கேயே நிற்கவில்லை. சுற்றிச் சுற்றி அண்ணன் சேர்ந்திருந்த படைப்பிரிவு வரைக்கும் போயிற்று. அவனுடைய மேலதிகாரி கூப்பிட்டு, உன் தங்கை நன்றாகக் கடிதம் எழுதுகிறாளாமே என்று சிரித்தாராம். அண்ணன் எனக்கு எழுதுவதை நிறுத்திவிட்டான். அம்மாவுக்கு மட்டும் எழுதினான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தங்கை சுகமா என்ற ஒரு வரியைக் கவனமாக விட்டுவிட்டு அவன் எழுதிய கடிதங்களை நானே அவளுக்குப் படித்துச் சொன்னேன். படிக்கும்போது அந்த ஒரு வரியை நானாகச் சேர்த்துக்கொள்வேன். வேறு வழி தெரியவில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து லீவில் வந்தான். மீசை வைத்திருந்தான். என்னிடம் சுருக்கமாகப் பேசினான். மூன்றாம் நாள் காலை, அம்மா காட்டுக்குப் புறப்படும்போது வழிமறித்து நின்றான்.

"எம்மா, யூனிஃபார்ம் கொண்டாந்திருக்கேன். பள்ளிக்கூட மைதானத்துக்கு வா. ஒனக்காவ நடந்து காமிக்கேன். எவ்வளவு கிட்டத்துல வேணும்னாலும் நின்னு பாரு."

இதை அவன் பல நாள் யோசித்துவிட்டுத்தான் கேட்டான் என்பது முகத்தில் தெரிந்தது.

"வேண்டாம்யா" என்றாள் அம்மா.

"ஏன்?"

"ஊருல எல்லார்ட்டயும் பார்த்துட்டேன்னு சொல்லிட்டேன். இப்பம் நீ மைதானத்துல நடந்தா, எதுக்கு நடக்கான்னு கேப்பாவ. என்னன்னு சொல்ல?"

"அம்மாவுக்குக் காட்டுதேன்னு சொல்லுவோம்."

"அங்கன பார்த்தவளுக்கு இங்கன எதுக்குலே?" என்று சொல்லிவிட்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அவனைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அவனுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தான். ஒரு வருடமாக அம்மா ஊரில் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பதை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். வாள், வேம்பு தூரம், முகத்தைத் திருப்பியது எல்லாவற்றையும் அவள் சொல்கிற மாதிரியே சொன்னேன். "ஒன் மரியாதைக்காவ அம்மா பொய் சொல்லுதா. ஒங்க ஆளுக மரியாதைக்கும் சேர்த்து" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. இந்த முறை மெதுவாகப் பேசு என்று அவன் சொல்லவில்லை.

பிறகு என் மேஜையில் கிடந்த பிள்ளைகளின் நோட்டுகளை ஒதுக்கிவிட்டுத் தாள் எடுத்தான். கல்லூரித் தலைவருக்கு அவனே எழுதினான். அவன் ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. வேலைக்காரி என்று நினைத்துக் குழந்தையைக் கொடுத்து வெளியே அனுப்பப்பட்டவர் என் தாய். அந்த இடம் அவருக்கு நீங்களே ஒதுக்கிய இடம். இதில் வருத்தம் தெரிவிக்க வேண்டியது என் தங்கைக்கு அல்ல, என் தாய்க்கு. இவ்வளவுதான் எழுதினான். கீழே தன் பதவியோடு கையெழுத்துப் போட்டான். போடும்போது கை கொஞ்சம் தயங்கியது. பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். தபாலில் சேர்த்தவள் நான்.

பதில் ஏதும் வீட்டுக்கு வரவில்லை. அவனுக்கு வந்ததா, அதனால் அவனுக்குத் தொல்லை ஏதும் வந்ததா என்று அவன் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எனக்கும் கடிதம் எழுதத் தொடங்கினான்.

அம்மாவுக்குப் பிற்பாடு மதுரையில் கண் ஆபரேஷன் செய்தோம். பார்வை நன்றாகவே திரும்பியது. அண்ணன் பெரிய பதவிக்கு உயர்ந்த பிறகு எத்தனையோ அணிவகுப்புகளுக்கு அவளைக் கூப்பிட்டான். அவன் சொன்னபின் முதல் வரிசையிலிருந்து அவளை யாரும் எழுப்பியிருக்க முடியாது. அவள் ஒன்றுக்கும் போகவில்லை.

"ஒரு தடவ பார்த்தாச்சுல்லா மக்கா" என்பாள். எங்கள் இருவரிடமும்கூட அப்படித்தான் சொல்வாள்.